ஈறு ஆறுமா? முதன்முறை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் தேய்த்துத் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்தால் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வது. நானும் ஏறக்குறைய ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். கைபடாமல் விட்டால் புண் ஆறிவிடும் என்று ஒரு கணக்கு. முட்டியில் பட்ட சிராய்ப்புக்கு அந்தக் கணக்கு சரி, ஈறுக்கு நேர்மாறு. பெரும்பாலும் ரத்தம் கசியும் இடத்தில்தான் அழுக்கு தங்கியிருக்கும். பிரஷ் போகாமல் விட விட அழுக்கும் கூடும், வீக்கமும் கூடும், ரத்தமும் கூடும்.

ஈறு நோய் வந்தவர்கள் தேடி அலைவது ஈறை ஆற்றிவிடும் ஒரு பேஸ்ட்டை, ஒரு ஜெல்லை, ஒரு மாத்திரையை. அதை மட்டும் வாங்கிப் போட்டால் போதும் என்னும்படி எதுவும் கிடையாது. ஈறு தானாகவே ஆறும். வாய்க்குள் பட்ட காயம் எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்று கவனித்திருப்பீர்கள். ஆறவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பதை அப்புறப்படுத்துவதுதான் ஏறக்குறைய எல்லா ஈறு சிகிச்சைகளின் வேலையும்.

தடுப்பது எது என்றால், பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் பிசுபிசுப்பான மெல்லிய படலம். பல் டாக்டர்கள் பிளேக் என்பார்கள். நகத்தால் சுரண்டினால் மாவு போல வெள்ளையாக வருமே, அதுதான். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மருந்து என்று எதுவும் கொடுக்கவில்லை. ஆரம்ப நிலை ஈறு நோய்க்கு இன்றைக்கும் அடிப்படை வைத்தியம் இதுதான்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

ஈறு நோயில் இரண்டு கட்டம் உண்டு. முதலாவது ஜிஞ்சிவைட்டிஸ். ஈறு மட்டும் சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம் வரும். பல்லைத் தாங்கும் எலும்புக்கு இன்னும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். இரண்டாவது பெரியோடான்டைட்டிஸ். வீக்கம் உள்ளே இறங்கி, பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்கள் அறுந்து, எலும்பு கரையத் தொடங்கியிருக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போல ஒரு இடைவெளி உண்டாகும். அதைப் பாக்கெட் என்பார்கள். இந்தக் கட்டத்தில் நோயை நிறுத்தலாம், ஈறு இறுகும், ரத்தம் நிற்கும். ஆனால் போன எலும்பு தானாகத் திரும்பி வராது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

இரண்டில் எது என்பதைக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றில் மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருக்கும். டாக்டர் அதை ஈறின் ஓரத்தில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளப்பார். பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். எனக்கு அளந்தபோது முன்பற்கள் வரைக்கும் "மூணு, ரெண்டு, மூணு... ரெண்டு, ரெண்டு, மூணு" என்று தாலாட்டு மாதிரி போய்க்கொண்டிருந்தது. மேல் கடைவாய்க்குப் போனதும் "அஞ்சு, நாலு, ஆறு, ரத்தம்" என்றார். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவனுக்கு அந்த "ஆறு" காதில் விழுந்ததும் வியர்த்துவிட்டது.

அந்த எண்களின் பொருள் இதுதான்: 3 மி.மீ. வரை சாதாரணம். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் போய், தொட்டால் ரத்தமும் வந்தால் அங்கே கவனம் தேவை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஆழமான பாக்கெட். வீட்டில் என்னதான் தேய்த்தாலும் பிரஷ்ஷின் இழை ஈறுக்குக் கீழே அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. அதனால்தான் ஆழமான இடத்துக்கு டாக்டரின் கருவி வேண்டியிருக்கிறது. எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டையும் வைத்து நோயின் தீவிரத்தை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகவும், அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை ஏ, பி, சி என்றும் குறிப்பார்கள். உங்கள் நிலை என்ன, எந்தெந்தப் பல்லில் பாக்கெட் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் பலரும் சொல்வதில்லை.

அளக்காமலே "கிளீன் பண்ணிடலாம்" என்று ஆரம்பித்தால், அளந்துவிட்டுச் செய்யலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. முன்னும் பின்னும் அளவு இல்லாவிட்டால் சிகிச்சை பலித்ததா என்று யாருக்கும் தெரியாது.

நாற்காலியில் உட்காரும் முன் சொல்ல வேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பது மாத்திரை எழுதிக்கொடுத்தவர் முடிவு செய்ய வேண்டியது. செயற்கை இதய வால்வு இருந்தால் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பதையும், கர்ப்பமாக இருப்பதையும் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் ஈறு கூடுதலாக வீங்குவது சகஜம். அப்போது சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானதுதான், நடு மூன்று மாதங்கள் உட்கார வசதியாக இருக்கும்.

பலரும் சொல்ல மறப்பது ஒன்று உண்டு. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், நிஃபிடிபின், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ஈறு பல் மேல் ஏறி வளர்வது போல இருந்தால், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை அப்படியே காட்டிவிடுங்கள்.

வீட்டு வேலையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியோடான்டைட்டிஸ் சிகிச்சையை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. நோயாளி தன் வாயைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளப் பழகுவது முதல் படியிலேயே வருகிறது. ஆழமான கிளீனிங் அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும், மேலே பிளேக் மறுபடி படிந்தால் சில வாரங்களில் பாக்கெட்டுக்குள் கிருமிகள் திரும்பக் குடியேறிவிடும்.

பிரஷ் மென்மையான இழை கொண்டதாக இருக்கட்டும். சார்ல்ஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் முறையைத்தான் ஈறு நோய்க்காரர்களுக்குப் பெரும்பாலும் சொல்லித்தருவார்கள். பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, இழைகளின் நுனி பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வையுங்கள். லேசாக அழுத்தி, இருக்கும் இடத்திலேயே சிறுசிறு அசைவாக ஒரு பத்துத் தடவை ஆட்டுங்கள். பிறகு ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி ஒரு இழுப்பு. அப்புறம் அடுத்த இரண்டு பல். உள்பக்கத்தையும் விடக் கூடாது; கீழ் முன்பற்களின் உள்பக்கம்தான் காரை, அதாவது கல் போல இறுகிப்போன பிளேக், சீக்கிரம் கட்டும் இடம். பிரஷ்ஷை முழங்கையிலிருந்து ரம்பம் போல இழுத்தால் ஈறு இறங்கும், பல்லில் பள்ளம் விழும். பேனா பிடிப்பது போலப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

ஆனால் ஈறு நோய் தொடங்குவது பெரும்பாலும் இரண்டு பல்லுக்கு நடுவில். அங்கே சாதாரண பிரஷ் போகவே போகாது. எனக்கு உண்மையான மாற்றம் தெரிந்தது இடைப்பல் பிரஷ் வாங்கிய பிறகுதான். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை எறும்புக்காகச் செய்தது போல இருக்கும்: நடுவில் கம்பி, சுற்றிலும் இழை. பல அளவுகளில் வரும். இடைவெளிக்குள் கொஞ்சம் இறுக்கமாகப் போக வேண்டும், ஆனால் திணிக்கக் கூடாது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படலாம். எந்த இடைவெளிக்கு எது என்று முதல் தடவை டாக்டரிடமே காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை ஓட்டினால் போதும், பேஸ்ட் தேவையில்லை. முதல் நாள் அதை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். அப்புறம் யாரும் நினைவூட்டத் தேவையிருக்காது. பல் நெருக்கமாக இருந்து இந்தப் பிரஷ் நுழையாத இடங்களுக்கு மட்டும் ஃப்ளாஸ் நூல்.

முதல் சில நாட்கள் ரத்தம் முன்பைவிட அதிகமாகவே வரலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் ஓரிரு வாரத்தில் குறைவது தெரியும். குறையவே இல்லை என்றால் உள்ளே காரை இருக்கிறது அல்லது வேறு காரணம் இருக்கிறது என்று பொருள். டாக்டரிடம் போக வேண்டும்.

ஸ்கேலிங், டீப் கிளீனிங்

பிளேக்கில் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகியதுதான் காரை. அதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. ஈறுக்கு மேலே உள்ளதை எடுப்பது ஸ்கேலிங். ஈறுக்குக் கீழே, வேர் மேல் ஒட்டியிருப்பதை எடுத்து வேரைச் சுத்தமாக்குவதுதான் டீப் கிளீனிங். அல்ட்ராசோனிக் கருவியின் நுனி நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிர்ந்து காரையைத் தட்டி உதிர்க்கும். கூடவே தண்ணீர் பீச்சும். மிச்சத்தைக் கைக்கருவியால் எடுப்பார்கள். ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். வாயை இரண்டு அல்லது நான்கு பகுதியாகப் பிரித்து இரண்டு மூன்று நாள் வரச் சொல்லலாம், ஒரே நாளில் முடிப்பதும் உண்டு. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எது தோது என்று பாருங்கள்.

"கிளீனிங் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பொய்யில்லை, புரிந்துகொண்டதுதான் தவறு. எலும்பும் ஈறும் ஏற்கனவே போய்விட்டன. அந்த வெற்றிடத்தைக் காரையும் வீக்கமும் அடைத்துக்கொண்டிருந்தன. காரையை எடுத்ததும் சந்து கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆடும் பல் சில நாள் கூடுதலாக ஆடுவது போலத் தோன்றலாம். ஈறு இறுகியதும் லேசான ஆட்டம் பெரும்பாலும் குறையும்.

இன்னொரு அதிர்ச்சியும் வரும்: பல் நீளமானது போலத் தெரியும். வீங்கியிருந்த ஈறு வற்றி இறங்குவதால் அப்படி. எனக்கு மேல் முன்பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு முக்கோணச் சந்து தெரிய ஆரம்பித்தபோது, இருந்ததையும் கெடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. உண்மையில் அது ஆறியதன் அடையாளம். அழகுக்குக் குறை, ஆரோக்கியத்துக்கு நல்லது. இதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் ஒரு வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

மரமரப்பு போகும்வரை சூடானதைக் குடிக்காதீர்கள், எதையும் மெல்லாதீர்கள்; தெரியாமலே வாயைச் சுட்டுக்கொள்வீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். ஓரிரு நாள் ஈறு வலிக்கும். நீங்கள் வழக்கமாக எடுக்கும், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை போதும். ஆஸ்பிரினை ஈறின் மேல் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொப்பளித்தால் இதமாக இருக்கும். பாக்கெட்டுக்குள் அது போகாது, காரையைக் கரைக்காது. பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள், வலிக்கும் பக்கத்தில் மெதுவாக, ஆனால் கட்டாயம். பல் கூசும், குளிர்ந்தது பட்டால் சுருக்கென்று இருக்கும். கூச்சத்துக்கான பேஸ்ட்டைத் தேய்த்துவிட்டுத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

உள்ளே ஈறின் மேல்தோல் வேர் மேல் மறுபடி ஒட்டிக்கொள்ள ஓரிரு வாரம் ஆகும். அதற்குக் கீழே இருக்கும் நார்த்திசு முறுக்கேற இன்னும் பல வாரம் ஆகும். ஆகவே உடனே அளந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை; பெரும்பாலும் ஆறு வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் அளப்பார்கள். அந்த நாளுக்குத் தவறாமல் போங்கள். வலி போனதும் பலர் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

காய்ச்சல், முகமோ கழுத்தோ வீங்குவது, சீழ், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் ஆகியவை வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

மவுத்வாஷ், ஜெல், மாத்திரை, லேசர்

இவையெல்லாம் துணைக்கு. தனியாக எதுவும் பெரியோடான்டைட்டிஸைக் குணப்படுத்தாது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நன்றாக வேலை செய்யும், ஆனால் குறுகிய காலத்துக்கு. 0.2 சதவீதம் என்றால் 10 மி.லி., 0.12 சதவீதம் என்றால் 15 மி.லி., நாளைக்கு இரண்டு தடவை, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. பொதுவாக இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். பல் தேய்த்த கையோடு இதைக் கொப்பளிக்காதீர்கள்; பேஸ்ட்டில் உள்ள நுரைக்கும் பொருள் இதன் வீரியத்தைக் குறைக்கும், அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். நல்லதுதானே என்று ஆறு மாதம் கொப்பளித்துவிட்டு, பல் கறுத்துப்போனதற்கு மறுபடி கிளீனிங்குக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாக்கெட்டுக்குள்ளேயே வைக்கும் குளோர்ஹெக்சிடின் சில்லு, டாக்ஸிசைக்ளின் ஜெல், மினோசைக்ளின் துகள்கள் உண்டு. கிளீனிங்குக்குப் பிறகும் ஆறாமல் அடம்பிடிக்கும் ஒன்றிரண்டு இடங்களுக்கு இவற்றைப் பயன்படுத்துவார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை எல்லோருக்கும் கிடையாது. வேகமாகப் பரவும் வகை, சீழ் கட்டிக் காய்ச்சலோடு வருவது போன்ற சில நிலைகளுக்கு மட்டும்தான். காரையை எடுக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் வீக்கம் வடிந்தது போலிருக்கும், மறுபடி வரும். மெட்ரோனிடசோல் கொடுத்தால் அந்த நாட்களில் மதுவைத் தொடக் கூடாது.

லேசர் பற்றி நிறைய விளம்பரம் வருகிறது. மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல், வழக்கமான கிளீனிங்கோடு லேசரைச் சேர்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. கூடுதல் பணம் கேட்டால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் சி குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மைதான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் கப்பல் மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தது அந்தக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குத்தான். ஆனால் காய்கறியும் பழமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவரின் ஈறு நோய்க்கு வைட்டமின் மாத்திரை பதிலாகாது.

அறுவை சிகிச்சை எப்போது?

மறுபடி அளக்கும்போது 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் பாக்கெட் மிஞ்சியிருந்தால் அந்த இடங்களுக்கு அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ஈறைத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தைத்து மூடுவார்கள். ஊசி போட்டுத்தான் செய்வார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். எலும்பு பள்ளமாகக் கரைந்திருக்கும் சில இடங்களில் எலும்புத் துகள், சவ்வு அல்லது பல் எனாமல் புரத ஜெல் வைத்து ஓரளவு திரும்ப வளரவைக்க முடியும். எல்லாப் பள்ளமும் இதற்குத் தோதானது அல்ல. மட்டமாகத் தேய்ந்த எலும்பில் இது பலிக்காது. தையல் இருக்கும் இடத்தில் மட்டும் டாக்டர் சொல்லும்வரை பிரஷ் வேண்டாம். இந்த நாட்களில்தான் குளோர்ஹெக்சிடினுக்கு முழு வேலை.

ஆறுவதைக் கெடுப்பவை

புகை முதலாவது. புகைப்பவருக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும். ஆகவே ஈறு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பல்லை இழப்பார்கள். ஒரே சிகிச்சைக்குப் புகைக்காதவரைவிட இவர்களுக்குப் பலன் குறைவு. நிறுத்தியதும் சில வாரம் ஈறில் ரத்தம் வந்தால் கலங்க வேண்டாம். மறைந்திருந்த வீக்கம் இப்போது தெரிகிறது. மெல்லும் புகையிலையும் இதே கணக்கில்தான் வரும், அது படும் இடத்தில் ஈறு இறங்கும்.

சர்க்கரை நோய் இரண்டு பக்கமும் வெட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறாது. ஈறில் வீக்கம் இருந்தால் சர்க்கரையும் சுலபத்தில் இறங்காது. ஈறு சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எனவே ஈறு திரும்பத் திரும்ப வீங்குகிறவர்கள் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை?

பெரியோடான்டைட்டிஸ் வந்தவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை என்ற பொதுக் கணக்கு பல சமயம் போதாது. முதல் வருடம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார்கள்; ஈறு நிலையாக இருந்தால் ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவையும் அளவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள். டாக்டரையோ ஊரையோ மாற்றினாலும் அந்தத் தாள் கூட வரும். என்னுடைய மேல் கடைவாய்ப் பல்லுக்கு முதல் தாளில் 5, 4, 6. மூன்று மாதம் கழித்து 4, 3, 4. போன தடவை 3, 3, 4. அந்தக் கடைசி 4 மட்டும் இன்னும் இறங்கவில்லை. அங்கே ராத்திரி பிரஷ் நேராகப் போவதில்லை, கம்பியைக் கொஞ்சம் வளைத்துத்தான் விட வேண்டியிருக்கிறது.